அடுப்புக் கம்பி தேய்கிறது, ஹீட்டர் கம்பி தேய்வதில்லை. ஏன்?



இந்த மாத அறிவியல் பகுதிக்கு நான் எடுத்துக்கொண்ட தலைப்பு, ‘சூட்டில் உலோகம் எப்படிக் கெடுகிறது? வேறு தனிமத்தைக் கலந்தால் எப்படித் தப்பிக்கிறது?’ என்பது. தலைப்பு பெரிசா இருக்கே என்று யாரும் பயந்து அடுத்த தாளுக்குப் போய்விட வேண்டாம். நம் எல்லோர் வீட்டு அடுப்பங்கரையிலும் நடக்கிற விஷயம்தான் இது.

தண்ணீர் இல்லாமலும் இரும்பு கெடும்

துருப்பிடிக்கக் காற்றும் தண்ணீரும் வேண்டும் என்று கீழ் வகுப்பிலேயே படித்துவிட்டோம். ஆனால் எரிகிற விறகடுப்பின் கம்பியில் தண்ணீர் ஏது? அப்படியும் அது தேய்ந்து மெலிந்து கடைசியில் ஒடிந்து விழுகிறது. எங்கள் அம்மா இட்லிக் கடை வைத்திருக்கிறார். தினமும் காலையில் நாலு மணி நேரம் அடுப்பு எரியும். வருஷத்துக்கு இரண்டு தடவையாவது அடுப்புக் கம்பி மாற்ற வேண்டியிருக்கும். மாற்றும்போதெல்லாம் அம்மா, “இந்தக் கம்பியை நெருப்பே தின்னுருது” என்பார். அது பேச்சுக்குச் சொல்வது போலத் தெரிந்தாலும் வேதியியல்படி கிட்டத்தட்ட உண்மைதான். தின்பது நெருப்பு இல்லை, காற்றில் உள்ள ஆக்சிஜன்.

நல்ல சூட்டில் இரும்பும் ஆக்சிஜனும் தண்ணீரின் உதவி இல்லாமல் நேராகவே சேர்கின்றன.

இரும்பு + ஆக்சிஜன் → இரும்பு ஆக்சைடு

இதற்கு உயர்வெப்ப ஆக்சிஜனேற்றம் என்று பெயர். சாதாரணத் துரு செம்மண் நிறத்தில் பொடியாக இருக்கும். இது கருஞ்சாம்பல் நிறத்தில் செதில் செதிலாக இருக்கும். இதைப் பார்க்க வேண்டுமென்றால் எங்கள் தெருக் கோடியில் இருக்கும் கொல்லுப்பட்டறைக்குப் போனால் போதும். பழுத்த இரும்பைச் சம்மட்டியால் அடிக்கும்போது மீன் செதில் மாதிரி உதிர்ந்து அடைகல்லைச் சுற்றிக் கிடக்கும். அங்கே இருக்கும் தாத்தாவிடம் கேட்டேன். “ஒவ்வொரு காய்ச்சலுக்கும் இரும்பு கொஞ்சம் போயிரும் பாப்பா. ஒரு காய்ச்சல்ல முடிக்கிற வேலைய நாலு காய்ச்சலா இழுத்தா, அரிவாள் பாதியாயிரும்” என்றார்.

எவ்வளவு போகும்? கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரும்பின் அணு நிறை 56, ஆக்சிஜனுக்கு 16. செதில் முழுவதும் பெரஸ் ஆக்சைடு என்று வைத்துக்கொண்டால், 56 கிராம் இரும்பும் 16 கிராம் ஆக்சிஜனும் சேர்ந்து 72 கிராம் செதில் ஆகும். அதாவது தாத்தா கூட்டி அள்ளுகிற ஒவ்வொரு 72 கிராம் செதிலிலும் 56 கிராம் நல்ல இரும்பு போய்விட்டது.

போர்வை சரியாக இருக்கிறதா?

நண்பர்களே, இங்கேதான் ஆச்சரியமான விஷயம் இருக்கிறது. தங்கம், பிளாட்டினம் போன்ற சிலவற்றைத் தவிர ஏறக்குறைய எல்லா உலோகமும் சூட்டில் ஆக்சிஜனுடன் சேரத்தான் செய்கிறது. ‘கெடாத உலோகம்’ என்று நாம் சொல்வதும் கெடுகிறது. ஆனால் அதன் மேல் முதலில் உண்டாகும் ஆக்சைடு படலமே ஒரு போர்வை மாதிரி மூடிக்கொண்டு, அடியில் உள்ள உலோகத்தைக் காப்பாற்றிவிடுகிறது. எனவே கேட்க வேண்டிய கேள்வி ‘ஆக்சைடு உண்டாகுமா?’ என்பது அல்ல. ‘உண்டாகிற ஆக்சைடு நல்ல போர்வையா, ஓட்டைப் போர்வையா?’ என்பதே.

1923-ல் பில்லிங், பெட்வொர்த் என்ற இருவர் இதற்கு ஓர் எளிய கணக்குச் சொன்னார்கள். ஒரு கன அளவு உலோகம் ஆக்சைடாக மாறினால் எத்தனை கன அளவு ஆக்சைடு கிடைக்கும் என்று பார்க்க வேண்டும்.

பொட்டாசியம்: சுமார் 0.45
மக்னீசியம்: சுமார் 0.81
அலுமினியம்: சுமார் 1.28
இரும்பு (பெரஸ் ஆக்சைடு): சுமார் 1.7
குரோமியம்: சுமார் 2.07

1-க்குக் கீழே இருந்தால் போர்வை பத்தாது. தலையை மூடினால் கால் வெளியே தெரியும் கதைதான். பொட்டாசியத்தை மண்ணெண்ணெயில் போட்டு வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். 1-க்கு மேல் இருந்தால் முழுக்க மூடும்.

அப்படின்னா 1.7 உள்ள இரும்பு ஏன் கெடுகிறது? நல்ல கேள்வி. மூடினால் மட்டும் போதாது, போர்வை நெருக்கமாக நெய்யப்பட்டிருக்கவும் வேண்டும்.

காலி இடம் இருந்தால் நகரலாம்

சூடான இரும்பின் மேல் மூன்று அடுக்கு உண்டாகிறது. (பக்கத்தில் உள்ள படம் பார்க்கவும்.) இரும்பை ஒட்டி பெரஸ் ஆக்சைடு, அதற்கு மேல் கருப்பு நிற மேக்னடைட், எல்லாவற்றுக்கும் வெளியே மெல்லியதாகச் சிவப்பு நிற பெரிக் ஆக்சைடு. இவற்றில் உள் அடுக்கான பெரஸ் ஆக்சைடு சுமார் 570 டிகிரி செல்சியசுக்கு மேல்தான் உண்டாகும். உண்டானால் மூன்றில் மிகவும் தடிமனாக வளர்வதும் அதுதான்.

காரணம் என்ன தெரியுமா? அதன் உள்ளே இரும்பு அயனி உட்கார வேண்டிய 100 இடங்களில் 5-லிருந்து 15 இடம் வரை காலியாகவே கிடக்கும். நம் வகுப்பு பெஞ்சில் ஐந்து பேர் நெருக்கி உட்கார்ந்தால் யாரும் நகர முடியாது. ஒரு இடம் காலியானால் ஒருவர் நகர, அடுத்தவர் நகர, எல்லோரும் நகர்ந்துவிடலாம். அதே மாதிரி அடியில் உள்ள இரும்பு அயனி காலி இடம் வழியாகத் தாவித் தாவி மேலே வந்து ஆக்சிஜனைச் சந்தித்துவிடுகிறது. போர்வை இருந்தும் பயன் இல்லை.

படலம் தடிக்கத் தடிக்க அயனி நடக்க வேண்டிய தூரம் கூடும். அதனால் வளர்ச்சி மெதுவாகும். 1 மணி நேரத்தில் 1 பங்கு தடிமன் என்றால், 4 மணி நேரத்தில் 2 பங்கு, 9 மணி நேரத்தில் 3 பங்குதான். தடிமன் நேரத்தின் வர்க்கமூலம் போல வளர்கிறது. 1920-ல் தம்மான் என்ற விஞ்ஞானி இந்த விதியைச் சொன்னார். 1933-ல் கார்ல் வாக்னர் அதற்கு அயனிகள் நகரும் விளக்கத்தைக் கொடுத்தார். ஆனால் செதில் உதிர்ந்துவிட்டால் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்கும். காய்ச்சி, அடித்து, மறுபடி காய்ச்சுகிற அரிவாளுக்கு நடப்பது இதுதான். தாத்தா சொன்னதற்கு இதுவே விளக்கம்.

குரோமியம் வந்தால் கதை மாறும்

இரும்புடன் குரோமியம் கலந்தால் என்ன ஆகிறது? இரும்பைவிடக் குரோமியத்துக்கு ஆக்சிஜன் மீது ஆசை அதிகம். எனவே அது முந்திக்கொண்டு ஆக்சிஜனைப் பிடித்துக் குரோமியம் ஆக்சைடு ஆகிறது. அந்த ஆக்சைடில் காலி இடங்கள் மிகமிகக் குறைவு. பெஞ்ச் நிறைந்துவிட்டது. இரும்பு மேலே வர வழியில்லை.

ஆனால் கொஞ்சூண்டு கலந்தால் போதாது. தூறல் போட்டால் தரையில் அங்கங்கே புள்ளிதான் நனையும். நல்ல மழை பெய்தால்தான் புள்ளியெல்லாம் சேர்ந்து தரை முழுக்க நனையும். குரோமியமும் அப்படித்தான். குறைவாக இருந்தால் ஆக்சைடு தனித்தனித் துணுக்காக நின்றுவிடும். போதுமான அளவு இருந்தால் துணுக்குகள் பக்கவாட்டில் வளர்ந்து ஒன்றோடொன்று சேர்ந்து முழுப் படலம் ஆகும். எவர்சில்வர் என்று நாம் சொல்லும் துருப்பிடிக்காத எஃகில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருக்க வேண்டும். நல்ல பாத்திரங்களில் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும். நம் மாநிலத்தில் சேலம் உருக்காலை 1981 முதல் எவர்சில்வர் தகடு தயாரித்து வருகிறது.

காற்றில் ஒவ்வொன்றும் தாங்கும் சூடு தோராயமாக:

சாதாரண எஃகு: சுமார் 550 டிகிரி
18 குரோமியம், 8 நிக்கல் உள்ள எஃகு: சுமார் 900 டிகிரி
25 குரோமியம், 20 நிக்கல் உள்ள எஃகு: சுமார் 1100 டிகிரி

நான் செய்து பார்த்தது: ஒரு மூன்று அங்குல ஆணி, கைப்பிடி ஒடிந்த எவர்சில்வர் ஸ்பூன், அறுந்துபோன ஹீட்டர் காயிலில் ஒரு துண்டு ஆகிய மூன்றையும் அம்மா கூட இருக்கும்போது இடுக்கியால் பிடித்து அடுப்புத் தணலில் வைத்தேன். மூன்று நாள், தினமும் ஒரு மணி நேரம். மூன்றாம் நாள் ஆணியைத் தட்டினால் கருஞ்செதில் உதிர்ந்தது, மேற்பரப்பு சொரசொரப்பாகிவிட்டது. ஸ்பூனில் மஞ்சள், ஊதா, நீலம் என்று வண்ணம் வந்து கடைசியில் பழுப்பானது. ஒன்றும் உதிரவில்லை. காயில் துண்டு கொஞ்சம் மங்கியதோடு சரி.

அந்த வண்ணம் சாயம் இல்லை. மழைத் தண்ணீரில் மிதக்கும் எண்ணெயில் வண்ணம் தெரிகிறதே, அதே காரணம்தான். படலம் மிகமிக மெல்லியதாக இருப்பதால் ஒளி அதன் மேலும் கீழும் பட்டுத் திரும்பி வண்ணம் காட்டுகிறது. சாதாரண எஃகில் நீல நிறம் சுமார் 300 டிகிரியிலேயே வந்துவிடும். 18-8 எவர்சில்வரில் அதே நீலம் வர 500 டிகிரிக்கு மேல் ஆகும். படலம் அங்கே மெதுவாக வளர்வதற்கு இது கண்ணால் காணும் சாட்சி. மோட்டார் சைக்கிள் சைலன்சர் குழாய் இஞ்சினை ஒட்டிய இடத்தில் நீலமாக இருப்பதை அடுத்த முறை கவனித்துப் பாருங்கள்.

ஹீட்டர் கம்பியின் கதை

மின்சாரத்தால் சூடாக்க வேண்டுமென்றால் கம்பி மணிக்கணக்கில் செந்தணலாக இருக்க வேண்டும், அதே சமயம் எரிந்தும் போகக் கூடாது. இதற்குச் சரியான கம்பி வெகு நாளாகக் கிடைக்கவில்லை. அமெரிக்காவைச் சேர்ந்த ஆல்பர்ட் மார்ஷ் என்பவர் நிக்கலையும் குரோமியத்தையும் கலந்து பார்த்தார். 80 பங்கு நிக்கல், 20 பங்கு குரோமியம். 1906-ல் அதற்குக் காப்புரிமை பெற்றார். நாம் நிக்ரோம் என்று படிக்கிறோமே, அந்தக் குடும்பம்தான். அயர்ன் பாக்ஸ், டோஸ்டர், மின்சார அடுப்பு எல்லாம் வீட்டுக்கு வீடு வந்தது இதற்குப் பிறகுதான். நல்ல நிக்ரோம் கம்பி சுமார் 1200 டிகிரி வரை தாங்கும்.

ஆனால் குரோமியம் ஆக்சைடுக்கும் ஒரு பலவீனம் உண்டு. சுமார் 1000 டிகிரியைத் தாண்டினால் அது இன்னும் கொஞ்சம் ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு ஆவியாகக் கிளம்ப ஆரம்பிக்கும். போர்வை தானாகவே மெலியும். அதற்கு மாற்று வழியை ஸ்வீடன் நாட்டு ஹான்ஸ் வான் கான்ட்சோ கண்டுபிடித்தார். இரும்பில் சுமார் 22 பங்கு குரோமியமும் 5 பங்கு அலுமினியமும் சேர்த்தார். இதில் மேலே உண்டாவது அலுமினியம் ஆக்சைடு. அது ஆவியாகாது, மிக மெதுவாக வளரும். சுமார் 1400 டிகிரி வரை தாங்கும். 1931-ல் ஹால்ஸ்டஹம்மர் என்ற ஊரில் கம்பெனி தொடங்கி, தன் பெயரின் முன்பாதியையும் ஊர்ப் பெயரின் முன்பாதியையும் சேர்த்து ‘காந்தால்’ என்று பெயர் வைத்தார். சோறு அடிப்பிடித்தால் நாம் ‘காந்தல்’ என்போம். காந்தாத கம்பிக்குக் காந்தால் என்று பெயர் அமைந்தது வேடிக்கைதானே!

யார் நண்பர்? யார் எதிரி?

குரோமியம்: முக்கியப் போர்வை. 1000 டிகிரி வரை நம்பலாம்.

அலுமினியம்: அதற்கும் மேலான சூட்டுக்கு. ஆனால் அதிகமாகச் சேர்த்தால் உலோகம் மொறுமொறு என்று உடையும். அதனால் குரோமியத்தைத் துணைக்கு வைத்துக்கொண்டு கொஞ்சமாகச் சேர்க்கிறார்கள்.

சிலிக்கான்: மணலில் உள்ள அதே சிலிக்கா படலத்தை உண்டாக்கும். இஞ்சின் வால்வு செய்யும் சில எஃகுகளில் குரோமியத்துடன் இதையும் சேர்ப்பார்கள்.

நிக்கல்: தன் ஆக்சைடு சுமாரான போர்வைதான். ஆனால் உலோகம் சூட்டில் வளையாமல் பலமாக இருக்கவும், படலம் உரிந்துவிடாமல் இருக்கவும் உதவும். விமான ஜெட் இஞ்சினின் சுழலும் தகடுகள் நிக்கல் கலவையால் ஆனவை. நம் நாட்டில் ஹைதராபாத்தில் 1973-ல் தொடங்கப்பட்ட மிதானி நிறுவனம் இப்படிப்பட்ட கலவைகளைத் தயாரிக்கிறது.

இட்ரியம், சீரியம்: ஒரு சதவீதத்துக்கும் மிகக் குறைவாகத்தான் சேர்ப்பார்கள். ஆனால் படலம் உலோகத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பது மாதிரி, கிள்ளிப் போட்டால் போதும், குணமே மாறிவிடும். இது ஏன் முக்கியம் என்றால், உலோகமும் ஆக்சைடும் ஆறும்போது ஒரே அளவில் சுருங்குவதில்லை. அதனால் படலம் விரிசல் விட்டு உரியும். எரிந்துகொண்டே இருப்பதைவிட, எரிவதும் அணைவதுமாக இருப்பது கம்பிக்கு அதிகக் கெடுதல்.

இனி எதிரிகள். மாலிப்டினம் எஃகுக்குப் பலம் கொடுக்கும். ஆனால் அதன் ஆக்சைடு சுமார் 795 டிகிரியில் உருகி, ஆவியாகியும் போகும். வனேடியம் ஆக்சைடு 700 டிகிரிக்குள்ளேயே உருகிவிடும். உருகுகிற போர்வை எப்படிக் காப்பாற்றும்? நல்ல படலத்தையும் சேர்த்துக் கரைத்துவிடும். டங்ஸ்டன் 3422 டிகிரியில்தான் உருகும், ஆனாலும் அதன் ஆக்சைடு ஆவியாகிவிடும். குண்டு பல்பில் காற்றை எடுத்துவிட்டு ஆர்கான் போன்ற வாயுவை அடைப்பது இதனால்தான். உருகாத உலோகம் எரியாத உலோகம் ஆகிவிடாது என்பதை மறக்க வேண்டாம்.

சேமிப்பு தீர்ந்தால்?

படலத்தில் கீறல் விழுந்தால் அடியில் உள்ள குரோமியம் மேலே வந்து மறுபடி மூடிவிடும். இது தானே ஆறுகிற காயம் மாதிரி. ஆனால் ஒவ்வொரு முறையும் உள்ளே இருக்கும் குரோமியம் கொஞ்சம் செலவாகும். உண்டியலில் போடாமல் எடுத்துக்கொண்டே இருந்தால் ஒரு நாள் காலியாகும் அல்லவா? அன்றைக்கு இரும்பு, நிக்கல் எல்லாம் வேகமாக எரியத் தொடங்கும். மெல்லிய காயில் சீக்கிரம் அறுவதும், தடித்த காயில் நாள்பட உழைப்பதும் இதனால்தான். தடித்ததில் சேமிப்பு அதிகம்.

நம் வீட்டுக்கு இதனால் என்ன பயன்?

1. அடுப்புக்கு எவர்சில்வர் கம்பி போட்டால் நாள்பட வரும், ஆனால் விலை அதிகம். அதற்கு வசதி இல்லையென்றால் தடித்த கம்பி போடலாம். எல்லாப் பக்கமும் 1 மில்லிமீட்டர் தேய்வதாக வைத்துக்கொள்வோம். 8 மில்லிமீட்டர் கம்பி 6 ஆகும். குறுக்குவெட்டுப் பரப்பில் 44 சதவீதம் போய்விடும். 16 மில்லிமீட்டர் கம்பி 14 ஆகும். 23 சதவீதம்தான் போகும். இந்தக் கணக்கைக் காட்டியதும் அம்மா இந்தத் தடவை தடித்த கம்பியே வாங்கினார்.

2. துத்தநாகம் பூசிய ஜி.ஐ. கம்பியையோ வலையையோ அடுப்பில் போடவே கூடாது. ‘துருப்பிடிக்காது’ என்று கடையில் சொல்வது மழைக்கு மட்டுமே பொருந்தும், நெருப்புக்கு அல்ல. துத்தநாகம் 420 டிகிரியில் உருகிவிடும். இன்னும் சூடானால் வெண்புகையாகக் கிளம்பும். அதைச் சுவாசித்தால் குளிர் காய்ச்சல் மாதிரி வரும். அப்பளம், சோளக்கதிர் சுடும் வலைக்கும் இது பொருந்தும். அடுப்பின் முன்னால் தினமும் உட்காருவது நம் அம்மாக்கள்தான் என்பதால் இதைக் கட்டாயம் வீட்டில் சொல்லுங்கள்.

3. ஹீட்டர் காயில் அறுந்தால் சிலர் இரண்டு முனையையும் முறுக்கி விட்டுவிடுவார்கள். காயிலின் மேல் உள்ள ஆக்சைடு படலம் மின்சாரத்தை நன்றாகக் கடத்தாது. அதனால் முறுக்கிய இடம் மட்டும் அதிகமாகச் சூடாகி, பொறி பறந்து, மறுபடி அறும். கட்டுக்கம்பி வைத்துச் சேர்ப்பது அதைவிட மோசம், அது சாதாரண இரும்பு. பிளக்கைக் கழற்றிவிட்டு, பெரியவர்களைக் கொண்டு புதுக் காயில் மாற்றுவதே சரி.

சிந்திக்கச் சில கேள்விகள்

1. தோசைக்கல் பல வருஷம் உழைக்கிறது, அடுப்புக் கம்பி உழைப்பதில்லை. இரண்டும் இரும்புதானே?
2. பல்பின் கண்ணாடியில் விரிசல் விட்டால் உள்ளே ஏன் வெண்மஞ்சள் பொடி படிகிறது?
3. அடிக்கடி போட்டு அணைக்கும் ஹீட்டர் ஏன் சீக்கிரம் பழுதாகிறது?

விடைகள்: 1. தோசை சுடும் சூடு சுமார் 200 டிகிரிதான், 570-க்கு வெகு கீழே. 2. காற்று புகுந்து டங்ஸ்டன் ஆக்சைடு ஆவியாகிக் கண்ணாடியில் படிகிறது. 3. சூடாகி ஆறும்போதெல்லாம் படலம் உரிந்து, குரோமியச் சேமிப்பு கரைகிறது.

எல்லா உலோகத்துக்கும் நெருப்பில் ஒரு சோதனை இருக்கிறது. தன்னில் ஒரு சிறு பகுதியை முதலில் எரித்துக்கொண்டு மீதியைக் காப்பாற்றுகிற உலோகமே அதில் வெல்கிறது. இதைப் படித்தவர்கள் இன்று சாயங்காலம் தங்கள் வீட்டு அடுப்புக் கம்பியை, அது ஆறிய பிறகு, ஒரு தட்டுத் தட்டிப் பாருங்கள். உதிர்கிற செதிலில் இந்தப் பாடம் முழுவதும் இருக்கும்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு ‘அ’ பிரிவு மாணவி